மூன்றாவது பைப்

"ஏழு மாசம் ஆச்சுங்க அம்மிணி. இன்னும் ஒரு ஹை பிரஷர் பைப்பைத் தொட விடமாட்டேங்கறீங்க" என்றார் சென்னியப்பன்.

செல்வநாயகி ஒரு ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆயில் மாத்தறேன். பிரேக் பாக்கறேன். கிளட்ச் எறக்கி ஏத்தறேன். டீசல் பைப்புன்னு வந்தா மட்டும் நகருங்கண்ணாங்கறீங்க. எப்பத்தான் விடுவீங்க?"

"கையைக் காட்டுங்க."

இரண்டு கைகளையும் காட்டினார்.

"என்ன இருக்குது?"

புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்க."

"முப்பத்தொரு வருசம் இருக்குது. அதைக் கீழ வெச்சுட்டு வாங்க. பைப்பைத் தர்றேன்."

கீழே வைப்பது எப்படி என்று அவர் கேட்பதற்குள் அவள் ஃபில்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்து நான்கு.

உடுமலைச் சந்தைக்குப் பின்னால் அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. முப்பத்தொரு வருடம் நடத்தினார். ஜீப், வேன், பழைய டீசல் கார்கள். சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பக்கத்தில் மேஸ்திரி என்றால் அவர்தான்.

பிறகு அந்த வண்டிகள் குறைந்தன. ஒரு மாதம் இரண்டு வண்டி வந்தது. அடுத்த மாதம் ஒன்று. அதற்கடுத்த மாதம் பட்டறையைப் பூட்டினார்.

நான்கு மாதம் வீட்டில் இருந்தார். ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, தாராபுரம் ரோட்டில் இருக்கும் செல்வநாயகியின் பட்டறைக்கு வந்தார்.

"புது டீசல் எஞ்சின் எனக்குக் கத்துக்கொடுங்க அம்மிணி."

"நீங்க மேஸ்திரி. உங்களுக்கு நான் என்னத்தைக் கத்துக்கொடுக்கறது?"

"வண்டியெல்லாம் போயிருச்சுங்க. மேஸ்திரி மட்டும் நிக்கறேன்."

அவள் வாசலில் இருந்து சற்று விலகி நின்றாள். அவர் உள்ளே வந்தார்.

அந்தப் பட்டறையில் மூன்று வண்டி நிறுத்தலாம். அவர் கற்றுத் தேறினால் மூன்றாவது இடத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. தேறாவிட்டால், காய்கறி மண்டியில் காவலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மகன் பேசி வைத்திருந்தான். ஐப்பசி பிறக்கும் வரை பார்க்கிறேன் என்று சென்னியப்பன் வீட்டில் சொல்லியிருந்தார்.

இப்போது புரட்டாசி. பதினெட்டு நாள் மிச்சம்.

*

தவறு அவர் வந்த முதல் நாளே நடந்தது.

நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாத கார் ஒன்று வந்திருந்தது. பழைய எஞ்சினில் எந்த சிலிண்டர் படுத்துவிட்டது என்று அறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு டீசல் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் படுத்தது. சென்னியப்பன் இதை ஆயிரம் முறையாவது செய்திருப்பார்.

அன்றும் அப்படியே செய்யப் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பேனரை முதல் நட்டில் வைத்தார்.

எஞ்சின் நின்றது. செல்வநாயகி சாவியைத் திருப்பியிருந்தாள்.

அவள் திட்டவில்லை. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒரு அட்டையை நீளமான கம்பின் நுனியில் கட்டினாள். அந்த வண்டியில் நான்காவது நட்டு ஏற்கனவே லேசாக நனைந்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, அட்டையை அந்த நட்டுக்கு அருகில் கொண்டுபோனாள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு அட்டையை அவரிடம் கொடுத்தாள்.

அட்டையில் ஒரு கீறல். பிளேடால் கிழித்தது போல, மூன்று அங்குலம்.

"எதுவும் வந்தது கண்ணுக்குத் தெரியலீங்களே."

"தெரியாது."

அவர் கீறலில் விரலை வைத்துப் பார்த்தார். மறுபக்கம் வரை போயிருந்தது.

"உங்க பழைய எஞ்சின்ல நூத்தம்பது பார் அழுத்தம். இதுல ஆயிரத்தறுநூறு. தோலுக்குள்ள போயிரும். ரத்தம் வராது. பெருசா வலிக்கக்கூட வலிக்காது. எறும்பு கடிச்சதுன்னு வீட்டுக்குப் போவீங்க. சாயங்காலம் கை வீங்கும். அப்பறம் டாக்டர்தான் அறுக்கணும்."

அவள் முன்பு கோவையில் வேலை பார்த்த பட்டறையில் ஒருவருக்கு இரண்டு விரல் போயிருந்தது.

சென்னியப்பன் ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தார். அன்று மாலை வரை கையை அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

*

இரண்டாவது மாதம் இன்னொன்று நடந்தது.

ஒரு புது பைப்பை அவளிடம் எடுத்துக் கொடுக்கும்போது, பழக்கத்தில் அதன் முனையை வேஸ்ட் துணியால் துடைத்துக் கொடுத்தார். பனியன் கம்பெனியில் மிஞ்சும் துணி. எல்லாப் பட்டறையிலும் அதுதான்.

அவள் பைப்பின் முனையை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒரு நூல் ஒட்டியிருந்தது.

"இது எங்கண்ணா போகும்?"

"டீசலைப் பீச்சற இன்ஜெக்டருக்குங்க."

"இன்ஜெக்டர் ஓட்டை எத்தனை பெருசு?"

"முடியை விடச் சின்னதுங்க."

"நூலு?"

அவள் அந்த பைப்பை ஓரமாக வைத்துவிட்டு வேறு வாங்கிவரச் சொன்னாள்.

ஏழு மாதத்தில் பதினாறு வண்டிகளுக்கு ஹை பிரஷர் பைப் மாற்றினார்கள். பதினாறிலும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற வேலைகளை அவர் செய்யும்போது அவள் ஒரு கை தூரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு வேலைக்குக்கூட அவரைத் தனியாக விட்டுப் போனதில்லை.

*

கையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொன்ன மறுநாள், சென்னியப்பன் எல்லா நட்டையும் இடது கையால் முடுக்கினார்.

"என்னண்ணா, கை வலியா?"

"இல்லீங்க. இந்தக் கை அவ்வளவா வேலை செஞ்சதில்ல. இதுல வருசம் கம்மியா இருக்குமுன்னு பாத்தேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ரெண்டும் ஒரே ஆளோட கைதானுங்கண்ணா."

*

புதன்கிழமை காலை ஒன்பது மணி. ஆட்டோ ஓட்டும் நாச்சிமுத்து, பஸ்ஸில் வந்த பார்சலைக் கொண்டுவந்து இறக்கினார்.

"என்ன மேஸ்திரி, இன்னும் எல்.கே.ஜி.தானா?"

"யூ.கே.ஜி. போயாச்சு."

"பாஸ் போட்டுருவாங்களா?"

"டீச்சரைக் கேளு. என்னைக் கேட்டா?"

பார்சலில் இருந்தது ரத்தினசபாபதி என்பவருடைய காருக்கான பைப். பால் சொசைட்டியில் செயலாளர். முந்தின நாளே வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓட்டும்போது டீசல் வாடை அடிக்கிறது என்று சொல்லியிருந்தார். நான்கு பைப்பில் மூன்றாவது நனைந்திருந்தது.

இப்போது அவரும் வந்து வாசலில் நின்றார். மதியத்துக்குள் கிளம்ப வேண்டும். வால்பாறையில் தங்கை புது வீட்டுக்குக் குடி போகிறாள். கூட மனைவி, அம்மா, இரண்டு குழந்தைகள். மலையேற நாற்பது கொண்டை ஊசி வளைவு.

செல்வநாயகி பார்சலைப் பிரிக்காமல் சென்னியப்பனிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க போடுங்கண்ணா."

அவர் வாங்கவில்லை. "கீழ வெச்சுட்டனான்னு கேக்கலீங்களே?"

"வெச்சுட்டீங்களா?"

"தெரியலீங்க."

"போட்டுப் பாத்தாத் தெரியும்."

*

பதினாறு முறை பார்த்ததை அவர் ஒரு முறை செய்தார்.

எஞ்சின் ஓடவில்லை என்றாலும், மிச்ச அழுத்தம் இறங்கட்டும் என்று பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போனார். கையை சோப்புப் போட்டுக் கழுவினார். நட்டுகளைச் சுற்றி இருந்த தூசியைக் காற்றடித்துப் போக்கினார். பிரஷ்ஷால் ஒருமுறை, மறுபடி காற்று ஒருமுறை.

நான்கு பைப்புக்கும் டீசலைப் பிரித்துத் தரும் தடித்த இரும்புக் குழலுக்கு ரெயில் என்று பெயர். மூன்றாவது பைப்பின் ஒரு முனை ரெயிலில், மறுமுனை இன்ஜெக்டரில். இரண்டு நட்டையும் தளர்த்தி பைப்பை எடுத்தார். எடுத்த கையோடு ரெயில் வாயையும் இன்ஜெக்டர் வாயையும் பிளாஸ்டிக் மூடியால் மூடினார்.

பழைய பைப்பின் ஒரு முனையில் முடி போல ஒரு விரிசல் இருந்தது. அவளிடம் காட்டினார். அவள் தலையசைத்தாள்.

அதன் பிறகுதான் புது பைப்பின் உறையைக் கிழித்தார். முனையைத் துடைக்கவில்லை. மூடிகளை எடுத்தார். பைப்பை வைத்து இரண்டு நட்டையும் விரலால் ஏற்றினார். ரெயில் பக்கம் ஏறியது. இன்ஜெக்டர் பக்கம் பிடிக்கவில்லை. ஒரு நெல் அகலம் தள்ளி நின்றது.

அவர் கை தானாகப் போய் பைப்பைப் பிடித்தது. லேசாக வளைத்தால் போதும்.

"அண்ணா" என்றாள் செல்வநாயகி. அவ்வளவுதான்.

கையை எடுத்தார். இரண்டு நட்டையும் திரும்பக் கழற்றி, பைப்பைச் சற்றே திருப்பி வைத்து, முதலில் இருந்து தொடங்கினார். இந்த முறை இரண்டும் விரலிலேயே கடைசி வரை ஏறின.

பிறகு டார்க் ரென்ச். இறுக்கம் சொன்ன அளவுக்கு வந்ததும் "டிக்" என்று சொல்லும் ஸ்பேனர். இந்த வண்டிக்கு இருபத்தேழு. அளவை வைத்து அவளிடம் காட்டினார்.

ரெயில் பக்கம் இறுக்கினார். டிக்.

இன்ஜெக்டர் பக்கம் இறுக்கினார். டிக்.

"ஏம்மா, பன்னெண்டுக்குக் கெளம்பிரலாமா?" என்று வாசலில் இருந்து ரத்தினசபாபதி கேட்டார்.

"அதுக்கு முன்னாடியே கெளம்பிரலாமுங்க" என்று செல்வநாயகி திரும்பிப் பதில் சொன்னாள்.

ஸ்பேனர் இன்னும் நட்டில்தான் இருந்தது. சென்னியப்பனின் கை ஒரு பிடி கூடுதலாக இறுக்கியது. தன் பழைய பட்டறையில் எல்லா வேலைக்கும் கடைசியில் அவர் போட்ட பிடி. மனசுக்காக ஒரு பிடி.

பிடித்த பிறகுதான் பிடித்தது தெரிந்தது.

"ஆச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க" என்றார்.

*

எஞ்சினை ஓடவிட்டார்கள். செல்வநாயகி கம்பில் கட்டிய அட்டையை மூன்றாவது பைப்பின் இரண்டு முனைக்கும் கொண்டுபோனாள். காய்ந்த அட்டை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லி மறுபடி பார்த்தாள். காய்ந்தே இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். அப்போதும்.

"நல்லாப் போட்டிருக்கீங்க" என்றாள். "வர்ற திங்கட்கிழமையிலிருந்து மூணாவது இடத்தை நீங்களே பாத்துக்குங்க."

ஏழு மாதம் அவர் கேட்கக் காத்திருந்த சொல். கேட்டார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

ரத்தினசபாபதி வண்டியில் ஏறினார். ரிவர்ஸ் எடுத்து ரோட்டைப் பார்த்துத் திருப்பினார்.

சென்னியப்பன் போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

ரத்தினசபாபதி கண்ணாடியை இறக்கினார். "என்ன மேஸ்திரி?"

"எறங்குங்க சார்."

"எதையாச்சும் உள்ள விட்டுட்டீங்களா?"

சென்னியப்பன் பட்டறைப் பக்கம் திரும்பினார். செல்வநாயகியைப் பார்த்தார்.

"இன்ஜெக்டர் பக்கத்து நட்டை ஒரு பிடி சேத்திப் பிடிச்சுட்டேனுங்க அம்மிணி."

"எப்ப?"

"நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்ப. டிக் கேட்டதுக்கப்பறம்."

"எவ்வளவு?"

"அரைக்கால் சுத்து. அதுல கொஞ்சம் கொறையாவும் இருக்கும்."

"ஏனுங்கண்ணா?"

"கை பண்ணிருச்சுங்க." கையைப் பார்த்தார். "இல்லீங்க. நான்தான் பண்ணினேன்."

*

ரத்தினசபாபதி இறங்கி வந்தார்.

"கசியுதா?"

"இல்லீங்க" என்றார் சென்னியப்பன்.

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அரைக்கால் சுத்துக்கா என்னை எறக்குனீங்க? நட்டு லூசா இருந்தாத்தானே பயப்படணும். டைட்டா இருந்தா நல்லதுதானே?"

சென்னியப்பன் செல்வநாயகியின் பக்கம் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பழைய வண்டின்னா நானும் அதைத்தான் சொல்லுவேனுங்க" என்றார். "இதுல பைப்போட முனை நசுங்கித்தான் அடைக்கும். எவ்வளவு நசுங்கணுமோ அவ்வளவுதான் நசுங்கணும். சேத்தி நசுங்குனா விரிசல் விடும். இப்பக் கண்ணுக்குத் தெரியாதுங்க."

"எப்ப விடும்?"

"இன்னிக்கா, மூணு மாசம் கழிச்சான்னு சொல்லத் தெரியலீங்க. விடாமலும் போகலாம்."

"விடாமலும் போகலாமில்ல?"

"போகலாமுங்க."

"அப்ப நான் கெளம்பறேன். அம்மா அங்க சீலை கட்டிட்டு உக்காந்திருக்குது."

"நான் போட்ட பைப்புங்க சார். இதை வெச்சுட்டுக் குழந்தைகளோட மலையேற விடமாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வண்டிக்கு முன்னால் இருந்து நகரவும் இல்லை.

ரத்தினசபாபதி செல்வநாயகியிடம் திரும்பினார். "என்னம்மா இது? நீதானே முதலாளி. நீ சொல்லு."

"அவர் பாத்த வேலைங்க சார். அவர் சொல்றதுதான்."

"திரும்பக் கழட்டி மாட்டறதுன்னா எவ்வளவு நேரம்?"

"ஒருக்கா இறுக்குன பைப்பைக் கழட்டுனா திரும்பப் போடக்கூடாதுங்க. வேற வேணும். அது எங்க பொறுப்பு. ரெண்டரை மணிக்கு வண்டியைத் தந்தர்றோம். வெளிச்சம் இருக்கறப்பவே மேல ஏறிரலாம்."

ரத்தினசபாபதி வீட்டுக்கு ஃபோன் செய்து, கட்டிய சீலையோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்து நான்கைந்து வார்த்தை வந்தது. ஃபோனைக் காதில் இருந்து தள்ளிப் பிடித்தார்.

பிறகு சாவியை சென்னியப்பனின் கையில் வைத்தார்.

"டீச்சர் ரொம்பக் கறாருன்னு சொன்னாங்க. ஸ்டூடண்ட் அதுக்கு மேல இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போனார்.

*

மணி பதினொன்றே கால்.

செல்வநாயகி பொள்ளாச்சிக் கடைக்கு ஃபோன் செய்தாள். அந்த பைப் ஒன்று இருக்கிறது என்றார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். எடுத்து வைக்கச் சொன்னாள்.

சென்னியப்பன் காக்கிச் சட்டையைக் கழற்றி நான்காக மடித்தார். மேஜை மேல் வைத்து, அதன்மேல் சாவியை வைத்தார்.

"நான் வர்றேனுங்க அம்மிணி."

"எங்கண்ணா?"

"மண்டிக்குங்க. காவலுக்கு ஆள் கேட்டிருந்தாங்க. இன்னும் யாரையும் போட்டிருக்க மாட்டாங்க."

அவள் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜாக்கிக்குப் பின்னால் கிடைத்தது.

"ஏழு மாசம் நின்னு பாத்தும் கீழ வெக்க முடியலீங்க. அது இந்தக் கையோடவே இருக்குது. என்னைக்காச்சும் திரும்பவும் பிடிக்கும்."

"பிடிக்கும்" என்றாள் அவள். ஹெல்மெட்டுக்குள் இருந்த தூசியை ஊதினாள். "என் கையும் ரெண்டு தடவை பிடிச்சிருக்குது."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"முதல் தடவை சொல்லல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஹெல்மெட்டின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டி அப்பறம்?"

"மூணு மாசம் தெனமும் ரோட்டுல தேடினேன். எங்கேயும் ஒண்ணும் ஆகலை. ஆனா தேடினேன்."

அவள் வெளியே போய் ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்தாள். அவர் வாசல் வரை வந்தார்.

"சட்டையைப் போடுங்கண்ணா. நான் பொள்ளாச்சி போயிட்டு ஒண்ணே முக்காலுக்குள்ள வந்தர்றேன். அதுக்குள்ள அந்த பைப்பைக் கழட்டி, இன்ஜெக்டர் வாயில கீறல் விழுந்திருக்குதான்னு பாத்து வையுங்க. விழுந்திருந்தா ஃபோன் பண்ணுங்க. அதையும் கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"நானுங்களா?"

"ம்."

"நீங்க பக்கத்துல இல்லாமயா?"

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"நீங்க வர்ற வரைக்கும் தொடாம இருக்கறனுங்க அம்மிணி. வந்து நீங்க கிட்ட நின்னதுக்கப்பறம் கழட்டறேன்."

"எதுக்குங்கண்ணா? கை பிடிச்சா நீங்களே சொல்லிருவீங்க" என்றாள் செல்வநாயகி.